கோலாக் கொட்டை அறிந்த மொழி

அந்த மரத்தட்டில், நைஜீரியாவின் இக்போ மக்கள் விருந்தினரை வரவேற்க உடைக்கும் கோலாக் கொட்டைகள் நான்கு இருந்தன. வீட்டுக்குரிய பெரியவர் அதை எடுத்து முதலில் தம் தம்பியிடம் கொடுத்தார். தம்பி தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பங்காளியிடம் கொடுத்தார், அவர் மூன்றாமவரிடம் கொடுத்தார். இப்படி உறவின் நெருக்கத்துக்கு ஏற்ற வரிசையில், ஒருவரையும் தாண்டாமல், கூடத்தில் இருந்த பதினொரு ஆண்களின் கைகளையும் கடந்து அந்தத் தட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த நண்பர், "தொட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுங்கள், வந்த வழியாகத்தான் அது போக வேண்டும்" என்று மெல்லச் சொன்னார். கொடுத்தேன். தட்டு அதே கைகளின் வழியாகத் திரும்பிப் பெரியவரிடம் சேர்ந்ததும், அரசனின் கோலா அரசன் கையிலேயே இருக்கிறது என்ற பொருளுடைய வாசகத்தைக் கூடியிருந்தோர் சொன்னார்கள். இதற்கே கால்மணி நேரம் ஆயிற்று. அதுவரை வந்த காரியத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லாகோஸ் நகரில் மருந்து விற்பனைத் துறையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். என்னுடன் பணியாற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இக்போ மக்கள். நைஜீரியாவின் தென்கிழக்கில் அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்களும் அவர்களுடைய தாயகம். நான் பழகிய இக்போ நண்பர்கள் எல்லோரும் ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்கிறவர்கள். காரின் முன்கண்ணாடியில் செபமாலை தொங்கும், அலுவலகக் கூட்டம் இயேசுவின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். அதனால் அவர்களுடைய பழைய சமயம் என்பது நூல்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் ஒடுங்கிவிட்ட ஒன்று என்றே நினைத்திருந்தேன். நான்காம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், புதுக்கிழங்குத் திருநாளுக்கு ஒரு நண்பர் தம் ஊருக்கு என்னை அழைத்துப் போனார். நைஜர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒனிட்சாவுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒரு மணி நேரம் செம்மண் சாலையில் சென்றால் அவருடைய ஊர். அங்கே கழித்த ஐந்து நாட்களில் என் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைக் கண்டுகொண்டேன். அந்தச் சமயத்துக்குக் கோயில் என்று பெரிதாக எதுவும் இல்லை. வாசலில் கால் வைப்பதிலும், வணக்கம் சொல்வதிலும், குழந்தைக்குப் பெயர் வைப்பதிலும், சந்தைக்குப் போகும் நாளிலும் அது குடியிருக்கிறது. கிறித்தவர்களாகிவிட்ட குடும்பங்களிலும் இவை எதுவும் விட்டுப்போகவில்லை.

கோலாவுக்கு முன்பே ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டி வந்தது. அதை 'ந்ஸு' என்கிறார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் அதை எடுத்துத் தம் காலருகே தரையில் நான்கு கோடுகள் இழுத்தார்கள். கூட்டத்தில் 'ஓஸோ' என்னும் பட்டம் பெற்ற ஒருவர் இருந்தார், அவர் மட்டும் எட்டுக் கோடுகள் இழுத்தார். வெண்மை தூய மனத்தின் அடையாளம். கெட்ட எண்ணத்தோடு வரவில்லை என்று நிலத்தின் மீதே எழுதிக் காட்டுவது போன்றது இது.

தட்டு திரும்பிய பிறகு பெரியவர் ஒரு கொட்டையை வலக்கையில் ஏந்தி உயர்த்தினார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மணிக்கட்டு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. முதலில் சுக்வு என்னும் பெருந்தெய்வத்தையும், பிறகு நிலத்தாயையும், பிறகு வீட்டின் முன்னோர்களைப் பெயர் சொல்லியும் அழைத்தார். அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போலவே அதன்பின் பேசினார். "பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும். ஒன்றை அமர விடாத மற்றொன்றின் சிறகு ஒடியட்டும்" என்றார். கூடம் முழுவதும் "இசே" என்றது. அப்படியே ஆகுக என்பது அதன் பொருள். "ஆற்றுக்கும் வாழ்வு, மீனுக்கும் வாழ்வு. ஆறு வற்ற வேண்டாம், மீன் சாக வேண்டாம்" என்றார். மறுபடியும் "இசே". மூன்றாம் முறை நானும் சேர்ந்து சொன்னேன்.

வேண்டுதல் முடிந்ததும் நன்றி சொல்ல நினைத்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் பேசத் தொடங்கினேன். நண்பர் என் முழங்கையைத் தொட்டார். பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், நண்பர் அதை எனக்கு மொழிபெயர்த்தார்: "மகனே, உன் மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கோலாவுக்கு ஆங்கிலம் கேட்காது. அது உடைந்த பிறகு பேசு." கோலாக் கொட்டை வெள்ளைக்காரன் மொழியைக் கேட்பதில்லை என்பது இக்போ நாடெங்கும் வழங்கும் சொல். ஐரோப்பிய உடை அணிந்து, ஆங்கிலத்தில் தொழில் நடத்தும் மக்கள், இலண்டனிலும் ஹூஸ்டனிலும் கூடும் சங்கக் கூட்டங்களில்கூட கோலாவை இக்போவில்தான் வாழ்த்துகிறார்கள். எந்தச் சட்டமும் காப்பாற்றாத ஓரிடத்தை அந்த மொழிக்கு ஒரு கொட்டை காப்பாற்றித் தந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிறகு கொட்டையைப் பிளந்தார்கள். அது எத்தனை பருப்பாகப் பிரிகிறது என்பதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான்காகப் பிரிந்தால், இக்போ வாரத்துக்குரிய நான்கு நாட்களும் ஆசி தந்ததாகப் பொருள். மூன்றானால் வீரத்துக்கு உரியது என்பார்கள், ஐந்தானால் செல்வத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் உரியது என்பார்கள். ஊருக்கு ஊர் விளக்கம் சிறிது மாறும். இரண்டாகப் பிரியும் கொட்டை வேறு வகை. வடக்கே அதை விரும்பி மெல்லுகிறார்கள், வாணிகமும் அதில்தான் மிகுதி. சடங்கில் மட்டும் அதற்கு இடமில்லை. அன்று நான்காகப் பிரிந்தது. நகத்தளவு துண்டுகளாக நறுக்கி, நிலக்கடலையை மிளகுடன் அரைத்த விழுதோடும், பச்சையாகவே தின்னும் சிறு வெள்ளைக் கத்தரிக்காயோடும் கொடுத்தார்கள். முதலில் கசந்தது. சிறிது நேரம் கழித்துத் தண்ணீர் குடித்தபோது நாக்கு இனித்தது.

பெண்கள் அந்த வட்டத்தில் இல்லை. கோலாவைப் பெண்கள் வாழ்த்துவதும் இல்லை, உடைப்பதும் இல்லை. வீட்டில் வேறு ஆண் இல்லாவிட்டால் பத்து வயதுப் பையனையாவது கூப்பிட்டு உடைக்கச் சொல்வார்கள். இதற்குப் பலர் பல காரணங்களைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அந்த நிலக்கடலை விழுதை அரைத்த கை ஒரு பெண்ணின் கை.

பெரியவர் நாள்தோறும் விடியலில் தனியாகச் செய்யும் வேண்டுதலை மூன்றாம் நாள் பார்க்கக் கிடைத்தது. முகமும் கையும் கழுவிக்கொண்டு, முற்றத்தின் ஓரத்தில் கிழக்கு நோக்கிக் குந்தி, 'ஓஃபோ' என்னும் சிறு மரக்கோலை முன்னால் வைத்தார். அதே பெயருடைய மரத்தின் கிளையிலிருந்து செய்வது அது. கிளைகளைத் தானாகவே உதிர்க்கும் இயல்பு அந்த மரத்துக்கு உண்டு. ஒருவர் வெட்டாமல் தானாக விழுந்த கிளை என்பதால்தான் அது நீதியின் சின்னமாயிற்று என்று நண்பர் விளக்கினார். குடும்பத் தலைவராக இருப்பவரிடம் ஓஃபோ இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல ஒருவரும் துணிய மாட்டார்கள். ஓஃபோவோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு சொல் 'ஓகு'. குற்றமற்ற நிலை, கை சுத்தமாக இருப்பது என்று அதை விளக்கலாம். பெரியவர் சொன்னதன் சாரம் இதுதான்: நேற்று நான் ஒருவன் நிலத்தையும் ஆக்கிரமிக்கவில்லை, ஒருவன் மனைவியையும் நாடவில்லை, ஒருவன் கடனையும் மறுக்கவில்லை, ஆகவே எனக்குத் தீங்கு செய்ய வருகிறவன் வழியிலேயே திரும்பிப் போகட்டும்.

அந்த வேண்டுதலைக் கேட்டபோது முதலில் எனக்குச் சற்று அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நான் பாவி, என்னை மன்னித்தருள் என்று மன்றாடும் பக்தியையே நான் கேட்டு வளர்ந்தவன். இவரோ தம் கணக்கை எடுத்து வைத்து, அது நேராக இருக்கிறது என்று காட்டி, அந்த உரிமையின் பேரில் கேட்கிறார். கணக்கு நேராக இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று நண்பர் மூலம் கேட்டேன். "அன்று முதலில் போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன். சரிசெய்யாமல் ஓஃபோவைத் தொட்டால் அது என்னையே அல்லவா அடிக்கும்" என்றார். இன்றைக்கும் இக்போ அரசியல்வாதியும் வணிகரும் வழக்கறிஞரும் தம் பக்கம் நியாயம் இருப்பதைச் சொல்ல, "ஓஃபோவும் ஓகுவும் என்னிடம் உண்டு" என்றே சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோலை வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டார்கள்.

இக்போ சமயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது, தெய்வத்தின் முன் மனிதனுக்கு அது தரும் இந்த நிமிர்வுதான். அதன் வேர் 'சி' என்னும் கருத்தில் இருக்கிறது. (பச்சை என்பதில் வருவது போல அழுத்தி ஒலிக்க வேண்டும்.) ஒவ்வொரு மனிதருக்கும் அவருக்கே உரிய ஒரு சி உண்டு. அவரோடு பிறந்து, அவருடைய வாழ்வின் பங்கைத் தீர்மானித்து, அவரோடு நடப்பது அது. ஒரே தாய் பெறுகிறாள், ஆனால் ஒரே சி படைப்பதில்லை என்று ஒரு பழமொழி உண்டு. அண்ணன் செல்வந்தனாகவும் தம்பி வறியவனாகவும் இருப்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் அது. சுக்வு என்ற பெயரே பெரிய சி என்று பொருள்படும். பொழுதைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியுடையது. இரவில் விடைபெறும்போது "க சி ஃபோ" என்கிறார்கள், பொழுது விடியட்டும் என்பது பொருள். இரண்டு சொல்லும் ஒன்றுதானா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அந்த ஊரில் ஐந்து இரவுகள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தூங்கப் போன எனக்கு இரண்டையும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

"ஒருவன் இசைந்தால் அவன் சியும் இசையும்" என்ற பழமொழியைக் கேட்காமல் ஓர் இக்போ நண்பருடன் ஒரு மாதம் பழக முடியாது. லாரிகளின் பின்புறத்தில் எழுதியிருக்கும், கடைப் பலகையில் எழுதியிருக்கும். ஒனிட்சாச் சந்தையில் பதினாறு வயதில் கடைப் பையனாகச் சேர்ந்து, முதலாளியிடம் ஏழெட்டு ஆண்டுகள் உழைத்து, பிறகு அவர் தரும் முதலைக் கொண்டு சொந்தக் கடை திறக்கும் இளைஞர்களின் வேதவாக்கு இது. ஆனால் இதே மொழியில், தன் சியோடு மற்போர் புரியக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. உழைத்தும் உயராதவனைப் பழிக்காமல், அவன் சி இசையவில்லை என்று சொல்லும் கருணையும் உண்டு. முயற்சிக்கும் ஊழுக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்பதை அவர்கள் தீர்த்து வைக்கவில்லை. அன்றாடம் பேசிப் பேசி அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

சியின் பக்கத்திலேயே 'இகெங்கா' நிற்கிறது. இரண்டு கொம்புகளும் கையில் வாளும் கொண்ட மரச்சிற்பம் அது. ஒரு மனிதனின் வலக்கை ஆற்றலின் உருவம். வலக்கையையே இகெங்காக் கை என்கிறார்கள். பயணத்துக்கும் வாணிகத்துக்கும் போருக்கும் புறப்படும் முன் அதற்குக் கோலாவும் கள்ளும் படைத்தார்கள். ஆனால் அந்த வழிபாட்டிலும் ஒரு நிபந்தனை இருந்தது: பலன் தராத இகெங்காவை விறகுக்குப் பிளந்துவிடு என்பது பழமொழி. தெய்வங்களைப் பற்றி இன்னும் கடுமையான பழமொழி ஒன்று உண்டு. ஒரு தெய்வம் மிதமிஞ்சி ஆடத் தொடங்கினால், எந்த மரத்திலிருந்து அதைச் செதுக்கினார்களோ அந்த மரத்தை அதற்குக் காட்டுவார்களாம். இதை எனக்குச் சொன்னவர் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

பெரும்பாலான இக்போ ஊர்களில் பழங்காலத்தில் மன்னராட்சி இல்லை. ஊர்ச் சபையில் பேசி முடிவெடுத்தவர்கள் அவர்கள். பேசித் தீர்க்கும் அந்தப் பழக்கமே தெய்வங்களோடு அவர்கள் கொண்ட உறவிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாட்களின் கதைக்கு வருகிறேன். இக்போ வாரத்துக்கு நான்கே நாட்கள்: எகே, ஓரியே, ஆஃபோ, ந்க்வோ. இப்படி ஏழு வாரங்கள் சேர்ந்தால் 28 நாட்கள் கொண்ட ஒரு மாதம். பதின்மூன்று மாதங்கள் சேர்ந்தால் 364 நாட்கள், அதோடு ஒரு நாளைக் கூட்டி ஆண்டை நிறைவு செய்கிறார்கள். நான்கு நாட்களும் நான்கு தெய்வீக வருகையாளர்கள். மீன் விற்பவர்களின் உருவத்தில் அவர்கள் ந்ரி என்னும் தொன்மையான ஊருக்கு வந்தார்கள் என்றும், அவர்களுடைய பெயர்களை அறிந்து அந்தப் பெயர்களிலேயே சந்தைகளை நிறுவினார்கள் என்றும் கதை சொல்கிறது. ஒவ்வோர் ஊரின் பெருஞ்சந்தையும் இந்த நான்கில் ஒரு நாளுக்கு உரியது. வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற ந்னேவியின் சந்தை ந்க்வோ, ஆவ்காவின் சந்தை எகே. இன்று அவை நாள்தோறும் திறந்திருந்தாலும் பெயரில் நாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனிதர்கள் பெயரிலும் அப்படியே. ஒகேகே என்றால் எகே நாளில் பிறந்த ஆண், ஒகோரியே ஓரியே நாளில், ஒகாஃபோர் ஆஃபோ நாளில், ஒகோன்க்வோ ந்க்வோ நாளில் பிறந்தவர். கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ந்வான்க்வோ கானுவின் பெயரிலும் ந்க்வோ நாளின் பிள்ளை இருக்கிறார். 1963இல் நைஜீரியக் குடியரசின் முதல் தலைவரான ந்னாம்டி அசிகிவேயின் முதற்பெயருக்கு, என் தந்தை உயிரோடிருக்கிறார் என்பது பொருள். இறந்த பாட்டன் பேரனாகத் திரும்பி வந்துவிட்டார் என்ற நம்பிக்கையில் இடும் பெயர் அது. பெண் குழந்தை அப்பாவைப் பெற்ற தாயின் மறுவரவு என்று கருதினால் ந்னென்னா என்பார்கள். அடுத்தடுத்துத் துயரம் கண்ட குடும்பம், இன்னொன்று நிகழ வேண்டாம் என்ற பொருளில் ஓஸோஎமெனா என்று பெயரிடும். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சாவையே பெயர் சொல்லி இரந்து ஓன்வுபிகோ என்று வைப்பார்கள். என் பெயர் அழியாதிருக்கட்டும் என்பதே அஹமெஃபுலே. எங்கள் அலுவலக வருகைப் பதிவேட்டை நான்கு ஆண்டுகள் வெறும் பெயர்ப் பட்டியலாகப் புரட்டியிருக்கிறேன். அந்த ஊரிலிருந்து திரும்பிய பிறகு அதை ஒரு வேண்டுதல் ஏடாகத்தான் வாசிக்க முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் இருக்கிறது. அலா, சில பகுதிகளில் அனி, என்று அவளை அழைக்கிறார்கள். இடி மின்னலுக்குரிய அமடியோஹாவுக்கு அஞ்சுகிறார்கள், சுக்வுவைப் போற்றுகிறார்கள், ஆனால் நாள்தோறும் கணக்குக் கேட்கிறவள் அலாதான். இரத்த உறவுக்குள் கொலை, தகாத உறவு, வயலில் கிழங்கு திருடுதல் ஆகியவை அவளுக்கு எதிரான குற்றங்கள். 'ந்ஸோ அலா' என்னும் அந்தக் குற்றங்களைத் தண்டனையால் மட்டும் தீர்க்க முடியாது, நிலத்தைத் தூய்மை செய்தாக வேண்டும். அந்தத் தூய்மைச் சடங்கைச் செய்யும் உரிமையைக் கொண்டுதான் ந்ரி ஊரின் குருக்கள், படையெதுவும் இல்லாமல், நெடுங்காலம் இக்போ நாட்டின் பெரும்பகுதியில் செல்வாக்குச் செலுத்தினார்கள். ந்ரிக்கு அருகில் உள்ள இக்போ-உக்வுவில் 1930களின் இறுதியில் ஒருவர் தம் வீட்டுத் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் கிடைத்தன. 1959இல் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா அங்கே அகழாய்வைத் தொடங்கினார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்படும் அந்த நுண்ணிய வார்ப்புகளோடு ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளும் கிடைத்தன. பழைமை என்று ஒன்றும் இல்லாத மக்கள் என்று அவர்களைப் பற்றி எழுதியவர்களுக்கு அந்தக் குழி பதில் சொல்லிவிட்டது.

நான் போனது புதுக்கிழங்குத் திருநாளுக்கு அல்லவா. யாம் என்று அங்கே வழங்கும் பெருவள்ளிக் கிழங்கு அவர்களுக்கு வெறும் உணவில்லை. ந்ரியின் கதை ஒன்றை நண்பரின் அத்தை இரவு அடுப்படியில் சொன்னார். ஆதியில் வானத்திலிருந்து உணவு வந்துகொண்டிருந்தது, ஒருநாள் நின்றுபோயிற்று. ஊர் பசித்தது. ந்ரி என்னும் மூதாதை பெருந்தெய்வத்திடம் முறையிட்டான். மூத்த மகனையும் மூத்த மகளையும் பலியிட்டுப் புதைக்கும்படி விடை வந்தது. புதைத்தான். மகனின் குழியில் யாம் முளைத்தது, மகளின் குழியில் சேப்பங்கிழங்கு முளைத்தது. அத்தை கதை சொல்லிக்கொண்டே யாமைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது அவர் கையில் இருந்த அந்த வெள்ளைக் கிழங்கை என்னால் வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை. கிழங்கைத் திருடுவது ஏன் அவ்வளவு பெரிய பாவம், அறுவடையின் முதற்கிழங்கை ஊரின் மூத்தவர் வேண்டுதல் செய்து உண்ணும்வரை மற்றவர்கள் ஏன் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது விளங்கிற்று. மறுநாள் காலை பெரியவர் சுட்ட கிழங்கைச் செம்பனை எண்ணெயில் தோய்த்து, முதல் துண்டை நிலத்தில் இட்டுவிட்டுத்தான் தம் வாயில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பகுதி இடெமிலி என்னும் நீர்த்தெய்வத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. மலைப்பாம்பு அவளுக்கு உரியது, அதை ஒருவரும் துன்புறுத்துவதில்லை. தவறுதலாகக் கொன்றுவிட்டால் மனிதருக்குச் செய்வது போலவே ஈமச்சடங்கு செய்தாக வேண்டும். வழியில் பனையின் இளங்குருத்தைக் கட்டியிருந்த வாகனம் ஒன்றைக் கண்டோம், எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே சடலம் இருக்கிறது என்பது அந்தக் குருத்தின் அறிவிப்பு. வழக்கிலுள்ள நிலத்திலும் அதையே நட்டு வைப்பார்கள், அதைத் தாண்டி ஒருவரும் மண்வெட்டி போட மாட்டார்கள். 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேய அரசு பெண்களுக்கும் வரி போடப் போகிறது என்ற அச்சம் பரவியபோது, ஓலோகோ என்னும் ஊரில் தொடங்கி, பனங்குருத்தைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் பெண்கள் ஒருவரையொருவர் அழைத்துத் திரண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களைத் துப்பாக்கிகள் பலிகொண்ட அந்த எழுச்சியைப் பெண்களின் போர் என்றே இக்போ மக்கள் குறிப்பிடுகிறார்கள்.

இந்தச் சமயத்தை நான் விரும்பி எழுதுகிறேன் என்பதாலேயே, அதன் பெயரால் நடந்த கொடுமைகளையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பல பகுதிகளில் இரட்டைக் குழந்தைகள் பிறப்பது அலாவுக்கு எதிரான தீட்டாகக் கருதப்பட்டு, அந்தச் சிசுக்களைக் காட்டில் விட்டுவிட்டார்கள். அதை நிறுத்தியதில் மிஷனரிகளுக்கு உள்ள பங்கை ஒருவரும் மறுக்க முடியாது. ஓசு என்னும் பிரிவினை அதைவிட நெடிது நின்றது. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் ஓசு எனப்பட்டார்கள். அவர்களோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. 1956இல் கிழக்கு மண்டலச் சட்டமன்றம் இந்த வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தது. ஆனாலும் என்னோடு வேலை பார்த்த ஓர் இளைஞரின் திருமணம், அச்சடித்த அழைப்பிதழ்களோடு, இந்தக் காரணத்துக்காகவே நின்றுபோனது. இரு வீட்டாரும் ஒரே தேவாலயத்தின் உறுப்பினர்கள். அவர் அந்த வாரம் முழுவதும் யாரோடும் பேசாமல் வேலை செய்தார். சாதி எப்படிப் பேசும் என்பதை அறிந்த ஊரிலிருந்து வந்தவன் நான், அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. பழைய சமயத்தின் இனிய பகுதிகளைக் கைவிட்ட அதே மக்கள், அதன் இந்த முள்ளை மட்டும் பத்திரமாக வைத்திருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

1857இல் ஒனிட்சாவில் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது, 1885இல் கத்தோலிக்கர்கள் வந்தார்கள். அவர்கள் கடவுளுக்குச் சுக்வு என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சாத்தானுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சில ஊர்களில் போர்வீரத்தோடு தொடர்புடைய எக்வென்சு என்னும் தெய்வத்தின் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைய குழந்தைகளுக்கு எக்வென்சு என்றால் நரகத்தின் தலைவன் மட்டுமே. ஒவெர்ரிப் பகுதியில் அலாவுக்கென்று புற்றுமண்ணால் கட்டிய ம்பாரி என்னும் சிற்ப வீடுகள் இருந்தன. மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்து உழைத்துக் கட்டி முடித்தபின் அவற்றைப் பழுது பார்ப்பதில்லை, மழையில் கரைந்து நிலத்திலேயே சேர விட்டுவிடுவார்கள். இக்போ நாடு நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்றபோது 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போருக்குப் பிறகு புதிதாகக் கட்டியவை மிக அரிது. கரைவது அதன் இயல்பு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முற்றத்தில் குவித்து எரித்த இகெங்காக்களைப் பற்றி நண்பரின் சித்தப்பா சொன்னபோது எனக்கு வலித்தது. தம் தந்தையின் இகெங்காவை ஒரு போதகர் சொற்படி தாமே நெருப்பில் இட்டவர் அவர். அது எரிய நேரமாயிற்று, வயிரம் பாய்ந்த மரம் என்றார். அதை எரித்த இடத்தில் இன்றுவரை அவர் எதையும் நடவில்லை.

புறப்படும் நாளில் பெரியவர் தட்டில் மீதமிருந்த ஒரு முழுக் கொட்டையை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். கோலா வீடு சேர்ந்ததும், தன்னைக் கொடுத்தவர் யார் என்பதைத் தானே சொல்லும் என்பது அவர்கள் வழக்கு.

லாகோஸ் திரும்பிய மறுநாள் மாலை, நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கடையில் ரொட்டி வாங்கப் போனேன். பணத்தை எடுத்தபோது கொட்டையும் கையோடு வந்தது. கடைக்கார அம்மா இக்போக்காரர். "ஐயா, இதை யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அது அவருடைய தாயார் பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். கல்லாவை விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பின்கட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகனை அழைத்தார். ஒன்பது வயதிருக்கும். லாகோஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆங்கிலம் சரளமாகப் பேசுவான், இக்போ திக்கித் திக்கி வரும். கொட்டையை அவன் வலக்கையில் வைத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். தாம் வாழ்த்தக் கூடாது என்பதால் ஒவ்வொரு சொல்லாக அவன் காதில் சொன்னார், அவன் ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னான். ஆறு வற்ற வேண்டாம், மீன் சாக வேண்டாம் என்ற வரி வந்தபோது எனக்கு அடையாளம் தெரிந்தது. "இசே" என்றோம், அந்த அம்மாவும் நானும், கடைக்கு வந்து நின்றிருந்த ஒருவரும்.

அவன் நகத்தால் கொட்டையைப் பிளந்து, பருப்புகளை உள்ளங்கையில் பரப்பி எண்ணினான். நான்கு. தாய் முகம் மலர்ந்து, "இன்றைக்கு என்ன நாள், சொல்" என்று கேட்டார்.

"செவ்வாய்" என்றான்.

"அது இல்லை" என்றார். அவன் யோசித்தான். அவர் அவசரப்படுத்தாமல், கடையில் நின்றவர்களையும் காக்க வைத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஃபோ" என்றான்.